எழுபத்து மூன்று போதும்

இரண்டின் ஆறாம் அடுக்கு 64. மூன்றின் ஆறாம் அடுக்கு 729. ஒன்றின் அடுக்கு என்றும் 1. இத்தகைய ஆறாம் அடுக்குகளை மட்டுமே கூட்டி 703 என்னும் எண்ணைப் பெற வேண்டுமெனில், 729 பயன்படாது. அது 703ஐ விடப் பெரிது. பத்து முறை 64ஐக் கூட்டினால் 640 கிடைக்கும். எஞ்சிய 63ஐ ஒன்றுகளாலேயே நிரப்ப வேண்டும். ஆக, 73 அடுக்குகள் தேவை. அதனினும் குறைத்தல் இயலாது.

703ஐ விடப் பன்மடங்கு பெரிய எண்களுக்கும் 73 போதுமா? கோடி கோடி எண்களைச் சோதித்தாலும் அவற்றுக்கு அப்பாலும் எண்கள் நீள்கின்றன. ஒரே ஓர் எண் தவறினாலும் கூற்று பொய்த்துவிடும். ஆதலின் சோதனை போதாது, நிரூபணமே வேண்டும்.

ஒவ்வோர் அடுக்குக்கும் இவ்வாறு ஒரு வரம்பு உண்டென 1770ஆம் ஆண்டில் எட்வர்டு வாரிங் என்னும் ஆங்கிலேயர் நிறுவாமலே கூறினார். ஆறாம் அடுக்குக்குரிய வரம்பு 73 என்பதை 1940ஆம் ஆண்டில் நிறுவியவர், நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற எஸ். எஸ். பிள்ளை. உலகக் கணித மாநாட்டிற்காக அமெரிக்கா செல்லும் வழியில், 1950ஆம் ஆண்டு கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். அவர் நிறுவிய வரம்பு, எத்துணைப் பேரெண் வரினும் மாறாது நிற்கிறது.