ஸ்ரெப்ரெனிக்கா: வெள்ளி விளைந்த பள்ளத்தாக்கில் மண் சொன்ன சாட்சி

ஒவ்வொரு ஜூலை 11ஆம் திகதியும் ஸ்ரெப்ரெனிக்காவின் பெயர் நமது சமூக வலைத்தளங்களில் வலம்வரும். வரிசை வரிசையாக வெள்ளை மீஸான் கற்கள் நிற்கும் படம், அதன் கீழே ஓரிரு வரிகள். மறுநாள் வேறு செய்தி. அது எப்படிப்பட்ட ஊர், அங்கே எண்ணாயிரம் பேர் கொல்லப்பட்டது எவ்வாறு நிரூபிக்கப்பட்டது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதிலில்லை. இரண்டாவது கேள்வி மிக அவசியமானது. ஏனெனில் அங்கே இனப்படுகொலை நடக்கவேயில்லை என்று சாதிப்பவர்கள் இன்றும் பதவிகளில் இருக்கிறார்கள்.

பொஸ்னியாவின் கிழக்கு எல்லையில், டிரினா ஆற்றுக்கு அருகில், காடடர்ந்த செங்குத்தான மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் இது. 'ஸ்ரெப்ரோ' என்றால் அவர்களது மொழியில் வெள்ளி. உரோமர்கள் இந்த மலைகளைக் குடைந்து வெள்ளி எடுத்தார்கள். மத்திய காலத்தில் ஜேர்மனியிலிருந்து சக்சன் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களது பெயரைத் தாங்கிய 'சாசே' என்ற கிராமம் இன்னும் அங்கே உண்டு. 15ஆம் நூற்றாண்டில் உஸ்மானியர் ஆட்சி வந்தது, பள்ளிவாசல்கள் எழுந்தன. வெள்ளி குறைந்த பிறகும் ஈயமும் துத்தநாகமும் மிஞ்சின.

ஊருக்கு மேலே குபெர் என்ற ஊற்று இருக்கிறது. இரும்புச்சத்து நிறைந்த அதன் நீர் ஓடும் இடமெல்லாம் கற்கள் துருவேறிச் சிவந்திருக்கும். இரத்தச்சோகைக்கு நல்லதென்று, ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சிக் காலத்தில் அதைப் போத்தலில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். போருக்கு முன்னர் யுகோஸ்லாவியாவின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் இங்கே வந்து தங்கினார்கள். 1991 குடிசன மதிப்பீட்டின்படி ஸ்ரெப்ரெனிக்கா நகராட்சிப் பிரதேசத்தில் ஏறத்தாழ 36,000 பேர். நால்வரில் மூவர் முஸ்லிம்கள், ஏனையோரில் பெரும்பாலானோர் சேர்பியர்கள்.

1992இல் போர் தொடங்கியபோது, அதுவரை ஊரைக் காத்த மலைகளே பொறியாகின. உயரத்தில் பீரங்கி வைத்தவனுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு கூரையும் தெரியும். வெளியேறும் தார்வீதியோ பொட்டொச்சாரி வழியாகச் சேர்பியப் படைகளின் பிடியிலிருந்த பிராட்டுனாட்ஸ் ஊருக்குப் போனது. சுற்றுக் கிராமங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். உப்புக்கூடக் கிடைக்காத நிலை. ஓடையில் சிறு சக்கரங்களைப் பொருத்தி வானொலி கேட்கும் அளவுக்கு மின்சாரம் எடுத்துக்கொண்டார்கள். முற்றுகைக்குள்ளிருந்த போராளிகள் அயலிலிருந்த சேர்பியக் கிராமங்களைத் தாக்கியதும் உண்மை. 1993 ஜனவரியில் கிராவிட்சா தாக்கப்பட்டது. இதை மறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் பின்னர் நடந்ததற்கு அது நியாயமாகாது.

1993 ஏப்ரல் 16ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 819ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் இவ்வூரைப் 'பாதுகாப்பு வலயம்' என அறிவித்தது. அதை நம்பி இருந்தவர்களை 1995 ஜூலை 11ஆம் திகதி ஜெனரல் ராத்கோ மிலாடிச்சின் படை எதிர்கொண்டது. காவலுக்கு நின்ற நெதர்லாந்துப் படையினர் சில நூறு பேர் மட்டுமே; கேட்ட வான் தாக்குதல் உதவியும் போதிய அளவில் வந்து சேரவில்லை. பொட்டொச்சாரியின் பழைய பற்றரித் தொழிற்சாலையில் இருந்த ஐ.நா. முகாமை நாடி 20,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஓடினர். அங்கே ஆண்கள் தனியாகப் பிரிக்கப்பட்டனர். இன்னும் 10,000க்கும் அதிகமானோர், பெரும்பாலும் ஆண்கள், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள துஸ்லாவை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். அவர்களில் பலர் வழியில் பிடிபட்டனர். சில நாட்களுக்குள் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

உடல்கள் பெருங்குழிகளில் புதைக்கப்பட்டன. விமானப் படங்களில் புதிதாகக் கிளறப்பட்ட நிலம் தெரிந்துவிட்டது. ஆகவே அந்த ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இயந்திரங்களால் குழிகளை மீண்டும் தோண்டி, உடல்களை லொறிகளில் ஏற்றி, தொலைவிலுள்ள வேறு குழிகளில் கொட்டினார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த பிறகும் இந்த வேலை நடந்தது என்பதை நினைக்கும்போதுதான் மனம் பதறுகிறது. இயந்திரங்கள் உடல்களைச் சிதைத்ததால், ஒரே மனிதரின் எலும்புகள் நான்கு வெவ்வேறு புதைகுழிகளில் கிடைத்த சம்பவமும் உண்டு.

ஆனால் உடல்களோடு மண்ணும் சேர்ந்தே போனது. அதை அவர்கள் யோசிக்கவில்லை. இரண்டாவது குழியில் கிடந்த மண்ணின் கனிமங்களும் அதிலிருந்த மகரந்தத் தூள்களும் சுற்றியுள்ள நிலத்துக்கு ஒவ்வாமல் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். டிரினா ஓரமாகக் கோஸ்லுக் என்ற இடத்தில், போத்தலில் பானம் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று உடைந்த கண்ணாடிகளைக் கொட்டும் நிலத்தில் ஒரு புதைகுழி இருந்தது. அதே கண்ணாடித் துண்டுகள் தொலைவிலுள்ள இன்னொரு குழியில் உடல்களுக்கிடையே கிடைத்தன. கண்ணைக் கட்டிய துணிகளும் கையைப் பிணைத்த கயிறுகளும் அப்படியே இருந்தன. இவர்கள் சண்டையில் மடிந்தவர்கள் என்ற வாதத்தை இவையே உடைத்தன. பிறகு உறவினர்களின் இரத்த மாதிரிகளோடு எலும்புகளின் மரபணு ஒப்பிடப்பட்டு, ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

2004இல் ஹேக் நகரிலிருந்த சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் மேன்முறையீட்டுச் சபையும், 2007இல் சர்வதேச நீதிமன்றமும் இதை இனப்படுகொலை என்றே தீர்த்தன. மிலாடிச்சுக்கு ஆயுள் தண்டனை. நெதர்லாந்து உயர் நீதிமன்றம் முகாமுக்குள் இருந்த 350 ஆண்கள் விடயத்தில் மட்டும் தனது அரசுக்கு 10 சதவீதப் பொறுப்பு என்று 2019இல் கணக்கிட்டது. அந்தச் சதவீதக் கணக்கை இறந்தவர்களின் வீட்டார் எப்படி ஏற்பார்கள்?

பொட்டொச்சாரி மையவாடியில் முதல் 600 ஜனாஸாக்கள் 2003 மார்ச் 31ஆம் திகதி நல்லடக்கம் செய்யப்பட்டன. இப்போது அங்கே 6,700க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் பல ஆயிரம் பேர் அந்தக் காட்டுவழியைத் தலைகீழாக, பொட்டொச்சாரியை நோக்கி நடக்கிறார்கள். சில தாய்மார் தமது மகனின் ஓர் எலும்பு அடையாளம் காணப்பட்ட பிறகும் அடக்கம் செய்யச் சம்மதிப்பதில்லை. மீதி கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். இன்னும் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் காணவில்லை.