ஒரே கணிப்பொறியில் இரு பதிப்புகள்

பழவேற்காட்டு ஏரியில் தொழில் செய்யும் குடும்பங்களுக்குப் ‘பாடு’ என்னும் சொல்லை எவரும் விளக்க வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பகுதியில் முறைவைத்து வலை கட்டுகின்றனர். எவருக்கு எந்நாள், எவ்விடம் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒருவர் வலையின்மேல் மற்றொருவர் வலை விழுவதில்லை. அவ்வூர் வீடுகளுக்குள் வந்துவிட்ட மடிக்கணினிக்கும் இத்தகையதோர் ஒழுங்கு வேண்டும்.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. அப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ், இந்தியாவிலேயே உருவான பாஸ் லினக்ஸ் என இரண்டு இயக்க அமைப்புகள் அருகருகே இருந்தன. வட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பகுதி. பொறியை இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். தனித்தனி மென்பொருள்களுக்கும் இதே முறை பொருந்தும்.

பைத்தான் என்னும் கணிமொழியை எடுத்துக்கொள்வோம். மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணிப்பொறி அறிவியலில் நம் பிள்ளைகள் பயில்வது இதனையே. இதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுற்றது. பழையதற்கு எழுதிய நிரல்கள் பல புதியதில் ஓடுவதில்லை. ஆதலின் இரண்டையும் வைத்துக்கொள்ள நேரிடுகிறது. அப்போதுதான், எங்கே வைப்பது என்ற வினா எழுகின்றது.

லினக்ஸில் ஒரு பேராபத்து உண்டு. இயக்க அமைப்பே தன் வேலைகளுக்காக ஒரு பைத்தானை வைத்திருக்கிறது. “இது பழையது” என்று கருதி மாணவன் அதனை நீக்கினாலோ, அதன்மேலேயே புதியதை எழுதினாலோ, மென்பொருள்களை நிறுவும் கருவிகளே செயலிழக்கக்கூடும். வீட்டில் உள்ளது ஒரே பொறி. செய்முறைத் தேர்வோ நாளை மறுநாள்! அமைப்புக்குரிய ‘யூஎஸ்ஆர்’ கோப்புறையைத் தொடாதிருப்பதே முதல் விதி. நாமே நிறுவுவனவற்றுக்கு அதனுள் ‘லோக்கல்’ என்றோர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. தனித்து இயங்கும் பெரிய மென்பொருள்களுக்கு ‘ஆப்ட்’ உண்டு. அங்கே பதிப்பெண்ணைப் பெயரிலேயே சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை அமைத்தல் நன்று. ஒருவர் மட்டுமே பயன்படுத்துவதாயின் அவருடைய சொந்தக் கோப்புறையே போதும். அக்காளின் வேலையைத் தம்பியின் சோதனை கெடுக்காது.

விண்டோஸில் பொதுவான இடம் ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’. அறுபத்து நான்கு பிட் அமைப்பில், முப்பத்திரண்டு பிட் மென்பொருள்களுக்கு அதே பெயரில் ‘எக்ஸ்86’ என்ற குறியுடன் வேறொரு கோப்புறை இருக்கும். பைத்தான் போன்றவை பதிப்புக்கொரு கோப்புறையில் தாமாகவே அமர்ந்துகொள்ளும். வேறு சிலவோ பழையதை அழித்துவிட்டே உட்காரும். நிறுவும்போது இடத்தைக் கேட்கும் திரையை வாசியாமல் ‘அடுத்து’ என அழுத்திக்கொண்டே போகும் அவசரம் நம் பிள்ளைகளிடம் மிகுதி.

இரண்டும் தனித்தனியே அமர்ந்தபின், பெயரை மட்டும் தட்டச்சிட்டால் எது ஓடும்? ‘பாத்’ எனப்படும் இடவரிசையில் முதலில் அகப்படுவதே ஓடும். பழையது வேண்டுமாயின் முழு முகவரியை எழுதவேண்டும். அல்லது பதிப்பெண்ணுடன் அழைக்கவேண்டும்.

கணக்கெழுதும் மென்பொருளாயின் கூடுதல் கவனம் தேவை. மீனவர் சங்கம் ஒன்றின் பல்லாண்டுக் கணக்கு பழைய பதிப்பில் இருப்பதாகக் கொள்வோம். நிரல்கள் வெவ்வேறிடத்தில் இருந்தாலும், தரவுக் கோப்பு ஒன்றாகவே இருந்தால், புதியது அதனைத் தன் வடிவுக்கு மாற்றிச் சேமித்துவிடும். பின்னர்ப் பழையது அதனைத் திறக்க மறுக்கலாம். எனவே புதிய பதிப்பில் திறக்குமுன் கோப்புக்கு ஒரு படி எடுத்து, வேறொரு பென்டிரைவில் வைத்துவிடுங்கள். திருத்தங்கள் வருவது நின்றுபோன பழைய பதிப்பை இணையத்தோடு தொடர்பில்லாத வேலைகளுக்கு மட்டுமே பயன்படுத்துக.