கிணற்று நீரும் ஓர் உரிமையே

அடியேன் சட்டம் படித்தவன் அல்ல. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்த டிப்ளமா இன்ஜினீயர். ஆயினும், எண்ணெய்க் கசிவு மனித உரிமைப் பிரச்சினை ஆகுமா என்ற கேள்விக்கு ஆப்பிரிக்காவில் கிடைத்த பதில் நம் அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நைஜீரியாவின் தெற்கே, நைஜர் ஆற்றுக் கழிமுகப் பகுதியில் வாழ்பவர்கள் ஒகோனி மக்கள். உழவும் மீன்பிடிப்பும் அவர்கள் தொழில். 1950களின் பிற்பகுதியில் அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் குழாய்களிலிருந்து கசிந்த எண்ணெய் வயலிலும் ஓடையிலும் பரவியது. எதிர்த்துப் போராடிய எழுத்தாளர் கென் சரோ விவாவையும் தோழர்கள் எட்டுப் பேரையும் இராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது.

1996இல் இரு தொண்டு அமைப்புகள் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டன. 2001இல் முடிவு வந்தது. ஆப்பிரிக்க சாசனத்தின் 16ஆம் பிரிவு உடல்நலத்தையும், 24ஆம் பிரிவு நல்ல சுற்றுச்சூழலையும் உரிமையாக்குகின்றன. நைஜீரிய அரசு இரண்டையும் மீறியது என்றது ஆணையம். அரசு தான் கெடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது. கம்பெனிகள் கெடுக்காமல் தடுப்பதும் அதன் கடமை. இதுதான் சாரம்.

ரயில்வேயில் கீமேன் தினமும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருவார். விபத்துக்குப் பின் நஷ்டஈடு கொடுப்பது வேறு. விபத்து நேராமல் காப்பது வேறு. ஆணையம் இரண்டையும் கேட்டது. நஷ்டஈட்டுடன், புதிய எண்ணெய் வேலைகளுக்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வு, ஆபத்துகளைப் பற்றி மக்களுக்குத் தகவல், சுதந்திரமான மேற்பார்வை ஆகியவற்றையும் வலியுறுத்தியது.

தீர்ப்பு வந்ததும் தண்ணீர் தெளிந்துவிடவில்லை. 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஆராய்ந்தபோது, ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப் போல் 900 மடங்குக்கும் மேல் இருந்தது. ஒகோனி நிலம் முழுதும் சீராக 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும் அது கணக்கிட்டது. வருமுன் காப்பதன் அருமை இங்கே விளங்கும்.

நம் நாட்டிலும் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசற்ற நீரும் காற்றும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. பிறந்த ஊரில் இருந்தாலும் பிழைக்க வந்த ஊரில் இருந்தாலும் அந்த உரிமை ஒன்றே. ஆகவே, குடிநீரில் எண்ணெய் வாடை அடித்தால் முணுமுணுப்போடு நிறுத்த வேண்டாம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். நாம் கேட்பது சலுகை அல்ல.