வானம் மின்னுதா? வயலை விட்டுக் கரையேறு!

காரைக்காலை அடுத்த அம்பகரத்தூர். பத்ரகாளியம்மன் கோவிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வயல். கிழக்கே கடல். "கடலோரச் சீமையாச்சே, மின்னலும் கடலில்தான் ஜாஸ்தி" என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் இல்லை!

நடுக்கடலில் மின்னல் குறைவு; நிலத்தில்தான் அதிகம். வெயிலில் தரை கொதிக்கும். சூடான காற்று விறுவிறுவென்று மேலே ஏறும். மேகத்துக்குள் பனித்துகள்கள் மோதி உரசும். மின்சாரம் பிறக்கும். பளிச்!

உலகிலேயே மின்னல் அதிகம் எங்கே தெரியுமா? தென் அமெரிக்காவில், வெனிசுலா நாட்டு மரகைபோ ஏரியில்! சுற்றிலும் மலை, நடுவே வெதுவெதுப்பான தண்ணீர். இரவானால் கச்சேரிதான். ஆண்டுக்கு சதுர கிலோ மீட்டருக்கு 233 மின்னல் என்று 2016-ல் விஞ்ஞானிகள் கணக்குச் சொன்னார்கள். துருவப் பக்கமோ மின்னல் அபூர்வம்.

நம்ம பக்கம்? கார்த்திகை அடைமழையில் தண்ணீர்தான் கொட்டும், இடி குறைவு. சித்திரை, வைகாசிக் கோடை மழையும் புரட்டாசி மழையும்தான் இடியோடு வரும். புரட்டாசியில் சம்பா வயலில் ஆள் இருக்கும். ஆபத்து அங்கேதான்!

2020 ஜூன் 25-ந் தேதி பீகாரில் மின்னல் தாக்கி ஒரே நாளில் 80 பேருக்கு மேல் பலி. வயலில் நின்றவர்களே பலர்.

மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கிலோ மீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், போட்டது போட்டபடி கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். பனைமரத்தடி கூடவே கூடாது! கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வயலில் இறங்கலாம்.