சிரித்தவர்களும் சீறியவர்களும்

டிஸம்பர் மாதம் பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் ஒரு நாடகம் நடக்கும். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இயேசுநாதர் மாட்டுத் தொழுவத்தில் அவதரித்த வரலாறு. ஐந்து வயதுச் சிறுவன் தலையில் துவாலையைக் கட்டிக்கொண்டு ஆட்டிடையனாக வருவான். மேரியாக வரும் சிறுமி பொம்மைக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துக் கொள்வாள். கழுதையின் பின்னங்கால்களாக நியமிக்கப்பட்ட பையன் நடுவில் அழத் தொடங்குவான். தாய்மார்கள் கைக்குட்டையை எடுத்துக் கண்களைத் துடைத்துக் கொள்வார்கள். நாடகக் கலையின் எந்த விதியை வைத்துப் பார்த்தாலும் இது படுமோசமான நாடகம். ஆயினும் அதைப் பார்க்க வரத் தவறிய தகப்பனாரை வீட்டில் எவரும் லேசில் மன்னிப்பதில்லை.

இந்தப் பிள்ளை நாடகத்தையே பொருளாக வைத்து 2009-ம் ஆண்டு நவம்பரில் "நேட்டிவிடி" என்ற ஹாஸ்யப் படம் ஒன்று வெளிவந்தது. நாடக மேடையிலிருந்து ஸினிமாவுக்கு வந்த டெபி ஐஸிட் என்னும் அம்மையார் கதையை வகுத்து டைரக்ட் செய்திருந்தார். ஹாலிவுட்டின் பெரிய நக்ஷத்திரம் ஒருவருடைய சம்பளத்துக்குக் கூடக் காணாத சிறு மூலதனத்தில் எடுத்த படம். இதைக் குறித்து எழுந்த அபிப்பிராய பேதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பண்டிகை" என்பது ஒரு கட்சி. "பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை" என்பது மற்றொரு கட்சி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கவென்ட்ரி நகரத்தில் செயிண்ட் பெர்னடெட் என்ற ஏழைப் பாடசாலை. அங்கே மாடன்ஸ் என்று ஓர் உபாத்தியாயர். அவர் ஒரு காலத்தில் நடிகராக வேண்டுமென்று கனவு கண்டவர். அவருடைய காதலி ஜெனிபர், படத் தயாரிப்பாளராகப் போகிறேன் என்று சொல்லி, ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அவரை விட்டு ஹாலிவுட்டுக்குப் போய்விட்டாள். அன்று முதல் பண்டிகை என்றாலே மனிதருக்கு வேப்பங்காய். தலைமை ஆசிரியையோ அந்த வருஷத்து நாடகத்தை அவர் தலையிலேயே கட்டிவிடுகிறார். அத்துடன் பாப்பி என்ற உதவியாளரையும் சேர்த்துக் கட்டுகிறார். பாப்பிக்கு வயது ஏறியிருக்கிறதே தவிர, புத்தி அவருடைய மாணவர்களின் வகுப்பிலேயே தங்கிவிட்டது. பக்கத்திலுள்ள பணக்காரப் பாடசாலையில் நாடகம் போடுகிறவர் மாடன்ஸின் பழைய சிநேகிதர், இன்றைய போட்டியாளர். அவர் ஏரோது மன்னனின் குழந்தை வதையையே பெரிய ஆடம்பரத்துடன் மேடையேற்றுகிறவர்! அவருடைய ஏளனம் தாங்காமல் மாடன்ஸ் ஒரு பொய்யைச் சொல்லி வைக்கிறார்: "எங்கள் நாடகத்தைப் படம் பிடிக்க ஹாலிவுட்டிலிருந்து ஜெனிபர் வருகிறாள்!" பக்கத்தில் நின்ற பாப்பியின் காதில் விழுந்த பொய், மறுநாள் ஊர் முழுவதும் பரவிவிடுகிறது. நகரத்து மேயர் வரையில் எல்லாரும் அதை நம்பிவிடுகிறார்கள். ஜெனிபரோ அங்கே ஒரு காரியாலயத்தில் காரியதரிசியாக இருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிய வருகிறது.

மாடன்ஸாக மார்டின் பிரீமன் நடிக்கிறார். பாப்பியாக வருபவர் மார்க் வூட்டன். சண்டையின் பெரும்பகுதி இந்தப் பாப்பியைப் பற்றித்தான். குழந்தைகளுக்கு அவர் தெய்வம். பெரியவர்களில் பலருக்குத் தலைவலி. "இப்படிப்பட்ட ஆசாமியை எந்தப் பாடசாலையில் ஒரு நாளாவது வைத்துக் கொள்வார்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஹனுமார் எப்படிச் சமுத்திரத்தைத் தாண்டினார் என்று கேட்டுக்கொண்டிருந்தால் ராமாயணம் நடவாது. ஹாஸ்யக் கதையில் இத்தகைய பாத்திரம் ஒன்றுக்கு இடம் உண்டு என்றே நாம் நினைக்கிறோம். நமக்குள்ள குறை வேறு: அவர் எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

இதற்கு அம்மையாரின் முறைதான் காரணம். படத்தில் சம்பாஷணை எழுதி மனப்பாடம் செய்விக்கப்படவில்லை. கதையின் போக்கை மாத்திரம் வைத்துக்கொண்டு, அந்தந்தக் காட்சியில் நடிகர்களே சமயோசிதமாகப் பேசுகிறார்கள். குழந்தைகளும் தொழில் நடிகர்கள் அல்லர்; சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள். 2006-ம் ஆண்டில் வந்த "கன்பெட்டி" என்னும் படத்தையும் இவர் இம்முறையிலேயே எடுத்தார். அதிலும் பிரீமன் நடித்தார்.

இந்த முறைக்கு ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. லாபத்தை முதலில் சொல்வோம். ஒரு குழந்தை பாட எழுந்து, பாட்டு மறந்து, கண்ணைச் சிமிட்டி, பக்கத்துக் குழந்தையைப் பார்க்கிறதே, அதை எந்த எழுத்தாளரும் எழுதிக் கொடுக்க முடியாது. பிரீமன் அப்போது செய்கிற காரியமும் நேர்த்தியானது. அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழந்தை முடிக்கும் வரையில் காத்திருக்கிறார். உபாத்தியாயத் தொழில் பார்த்தவர்கள் இந்தப் படத்தின் மீது அபிமானம் வைப்பதற்கு இது ஒன்றே போதும். நஷ்டம் என்னவென்றால், வயது வந்தவர்கள் இருவர் தனியே நின்று பேசும்போது பேச்சு அடுப்பில் வைத்து மறந்த பால்போல் வழிகிறது. சொன்னதையே சொல்கிறார்கள். காதல் பகுதி காகிதப் பூவாக இருக்கிறது. கத்தரிக்கோல் கையில் எடுத்தவர் இன்னும் கொஞ்சம் கருணையின்றி இருந்திருக்கலாம்.

"சிறு மூலதனத்துப் படம், தயவு காட்டுங்கள்" என்று அபிமானிகள் சிலர் வாதிக்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழை வீட்டுச் சமையல் என்பதற்காக உப்பில்லாத குழம்பைப் புகழ வேண்டியதில்லை. ஏழை வீட்டில் வெள்ளித் தட்டு இல்லையே என்று குறை கூறுவதுதான் தவறு. எதிர்க் கட்சியாரில் பலர் வெள்ளித் தட்டைத்தான் தேடியிருக்கிறார்கள். ஒளி மங்கல், ஜோடனை மட்டம், பாட்டுக்கள் பள்ளிக்கூடப் பாட்டுக்கள் என்கிறார்கள். பள்ளிக்கூட நாடகத்தில் வேறு எந்தப் பாட்டு இருக்கும்?

ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். படத்துக்குள்ளேயே ஒரு பத்திரிகை விமரிசகர் வருகிறார். ஆலன் கார் அந்த வேஷம் போடுகிறார். எட்டு வயதுப் பிள்ளைகள் போட்ட நாடகத்துக்குப் பத்திரிகையில் மதிப்பெண் போடுவதுதான் அவர் உத்தியோகம். இந்தப் படத்துக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்த விமரிசகர்கள் அந்தக் காட்சிகளை எந்த முகத்துடன் பார்த்தார்களோ!

நம் விஷயத்தைச் சொன்னால், நாம் இப்படத்தை இரண்டு தடவை பார்த்தோம். முதல் தடவை அலுப்பும் கோபமும்தான் மிஞ்சின. பொய் சொன்ன உபாத்தியாயருக்குத் தண்டனை இல்லையே, அந்தப் பொய்யை நம்பிக் குதித்த குழந்தைகளின் கதி என்ன என்று எரிச்சல் பட்டோம். இரண்டாந் தடவை வீட்டுக் குழந்தைகளோடு பார்த்தோம். கடைசிக் காட்சி வந்தபோது, முன்பு நம் கவனத்துக்கு வராத ஒன்றைக் கண்டோம். அது அந்த நாடகம் நடக்கும் இடம்.

கவென்ட்ரி பழைய மாதாகோவிலின் இடிபாடுகளுக்கு நடுவில் அந்தப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். 1940-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி இரவு ஜெர்மன் ஆகாய விமானங்கள் அந்நகரத்தின் மீது குண்டு மாரி பொழிந்தன. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். பதினான்காம் நூற்றாண்டிலிருந்து நின்ற அந்தக் கோவில் எரிந்து, வெளிச்சுவர்களும் ஸ்தூபியுமே மிஞ்சின. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் தினத்தன்று கோவிலின் தலைமைக் குருவான ஹோவர்டு அந்த இடிபாட்டிலிருந்தே ரேடியோவில் பேசினார். பழி வாங்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டுமென்றும், யுத்தம் முடிந்தபின் இன்னும் அன்பான உலகத்தைக் கட்ட வேண்டுமென்றும் அவர் சொன்னார். பக்கத்தில் எழுப்பிய புதுக் கோவில் 1962-ம் ஆண்டில் பிரதிஷ்டையாயிற்று. பழைய சுவர்களை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், கூரை போடவில்லை.

அந்தக் கூரையற்ற சுவர்களுக்குள் ஒரு சிறுமி தன் குரலில், சற்றே சுருதி பிசகி, பாடுகிறாள். படத்தில் எவரும் குண்டு வீச்சைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லையல்லவா? ஹாலிவுட் வருகிறது, ஹாலிவுட் வருகிறது என்று ஊரே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற கதையில், கடைசியில் அரங்கம் கொடுத்தது அவர்கள் ஊர் இடிபாடுதான். அந்தப் பத்து நிமிஷத்துக்காக முன்பகுதிக் குறைகளில் பாதியை நாம் மன்னித்தோம். மறு பாதி அப்படியே இருக்கிறது.

பொதுஜனங்களின் தீர்ப்பு எப்பக்கம் என்பதில் சந்தேகமில்லை. 2012, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சிப் படங்கள் வெளிவந்தன. 2017-ல் கதை இசை நாடகமாகவும் மேடை ஏறியது. இரண்டாவது படத்தில் பிரீமன் இல்லை. டேவிட் டென்னண்ட் இரட்டைச் சகோதரர்களாக இரு வேஷங்களில் வருகிறார். பாப்பி மட்டும் முன்னைவிட உரக்கக் கத்துகிறார். அதைப் பார்த்து முடித்த அன்று நாம் சீறியவர்களின் கட்சியில் சேர்ந்துவிட்டோம். நம் வீட்டுக் குழந்தைகள் சேரவில்லை.