செயலிக்குப் பெயர் வைத்த கதை

ஆராதனைக்கு வர விரும்பியும் தனியாக வர முடியாத முதியவர்களைக் காரில் ஏற்றி வந்து, திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடும் பணியை எங்கள் வாலிபர் குழு சில வருடங்களாகச் செய்து வருவது வாசகர்களுக்குத் தெரியும். யார் வீட்டுக்கு யார் கார் கொண்டுபோவது என்ற ஒழுங்கு இதுவரை வாட்ஸ்அப் குழுவில்தான் ஓடியது. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு செய்தி மறைந்துவிட்டால் போதும், ஓர் அம்மம்மா லண்டன் குளிரில் வாசலில் காத்து நிற்பார். சென்ற மாரியில் அப்படியே நடந்தும்விட்டது. அதன் பிறகுதான் எங்களில் மென்பொருள் படித்த நான்கு பேர் சேர்ந்து இதற்கென்று ஒரு சிறிய செயலி எழுதத் தொடங்கினோம்.

செயலி எழுத ஆறு வாரம் எடுத்தது. பெயர் வைக்க மூன்று மாதம் எடுத்தது! அந்த மூன்று மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது, நாளைக்குச் சொந்தமாக ஒன்றைத் தொடங்க நினைக்கும் தம்பி தங்கையருக்கு உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதல் பெயர்: வண்டில்

ஊரில் மாட்டு வண்டியை வண்டில் என்போம். பெற்றோர் கேட்டதும் சிரித்தார்கள். நாங்களும் ஒரு சக்கரம் வரைந்து சின்னமாகப் போட்டுவிட்டோம். பிறகு அதை ஆங்கில எழுத்தில் எழுதி, எங்களில் ஒருவரோடு வேலை செய்யும் ஆங்கிலேய நண்பரிடம் காட்டினோம். அவர் வாசித்துவிட்டு, "வாண்டலா?" என்று கேட்டார். பஸ் தரிப்பிடக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுகிறவனுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். எண்பது வயதுக்காரரை நம்பி ஏறச் சொல்லும் செயலிக்கு இது சரிவருமா? சக்கரத்தை அழித்தோம்.

புலம்பெயர்ந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பெயர் இரண்டு இடத்தில் வாழ வேண்டும்: நம் காதிலும், ஆங்கில எழுத்திலும். 'யாழ்' என்ற சொல்லைப் பத்துப் பேரிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள், மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். தேடும்போது அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு நாம் அகப்படமாட்டோம். இதற்காகத் தமிழ்ப் பெயரே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டைத் தளமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட உரையாடல் செயலிக்கு 'அரட்டை' என்றே பெயர் வைத்தது. தமிழருக்கு விளக்கமே தேவையில்லாத பெயர். மற்றவர்கள் அதைச் சொல்லப் பழக வேண்டும். அந்த விலை தெரிந்தே வைக்க வேண்டிய பெயர் அது.

இரண்டாவது பெயர்: இரவல் வால்

அடுத்த முறை நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே புத்திசாலிகள் ஆகிவிட்டோம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாடகைக்கார் செயலியின் பெயரில் பின்பாதியை எடுத்து, முன்னால் 'சபை' என்று ஒட்டினோம். "கேட்ட உடனே விளங்கும், விளம்பரமே தேவையில்லை" என்று ஒருவர் குதித்தார். மூலையில் இருந்த தங்கை ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "எங்களுக்கு விளம்பரம் தேவையில்லை என்றால், அதுக்கு வேற யாரோ காசு கட்டியிருக்கினம் என்றுதானே அர்த்தம்?"

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

சட்டமும் ஏறக்குறைய அதையேதான் கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் இணையச் சேமிப்புச் சேவைக்கு 'ஸ்கைடிரைவ்' என்று பெயர் வைத்திருந்தது. அதில் உள்ள 'ஸ்கை' தங்கள் வணிகக்குறியை மீறுகிறது என்று இங்குள்ள ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம் வழக்குப் போட்டது. 2013 ஜூனில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் ஸ்கை பக்கம் தீர்ப்பளித்தது. உலகத்திலேயே பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று தன் பெயரைக் கைவிட்டு, 2014இல் 'ஒன்டிரைவ்' ஆனது.

ஊரில் இருக்கும் சொந்தங்களோடு நாம் வருடக்கணக்காகப் பேசிய ஸ்கைப்புக்கும் அதே நிறுவனத்தோடு பிரச்சினை இருந்தது. 'ஸ்கை பியர்-டு-பியர்' என்ற தொடர் சுருங்கி 'ஸ்கைப்பர்' ஆகி, அந்த இணைய முகவரி கிடைக்காததால் கடைசி எழுத்தும் போய் உருவான பெயர் அது. "ஸ்கைப்பில வா" என்று நாம் வினைச்சொல்லைப் போலவே பேசியும், அந்தப் பெயர் 'ஸ்கை'யோடு குழப்பத்தை உண்டாக்கும் என்று 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெயர் பிரபலமாகிவிட்டது என்பதால் அது நம்முடையதாகிவிடாது.

மூன்றாவது பெயர்: வாங்கோ

இதைத்தான் நாங்கள் மனதாரக் காதலித்தோம். வீட்டுக்கு வருகிறவரை மரியாதையோடு அழைக்கும் சொல். ஆங்கிலேயர் காதில் 'வான்', 'கோ' என்ற இரண்டு சொற்களாக விழும், வாகனம், புறப்படு. இரண்டு மொழியிலும் பொருள் தருகிற பெயர் இப்படி எத்தனை தரம் கிடைக்கும்? டீ-ஷர்ட் அச்சடிக்க விலைகூட விசாரித்தோம்.

அதற்குப் பிறகுதான் தேடினோம். பிழை அங்கேதான். ஸ்கொட்லாந்தில் கூடாரங்களும் முகாம் பொருட்களும் விற்கும் பிரபலமான ஒரு பெயர் அதே ஆங்கில எழுத்துகளில் இருக்கிறது. கிளாஸ்கோவின் கோவன் என்ற பகுதியின் எழுத்துகளை இடம் மாற்றிச் செய்த பெயர் அது. நமக்கு 'வாங்கோ' ஊர் ஞாபகம் என்றால், அவர்களுக்கும் அது ஊர் ஞாபகம்தான்.

"கூடாரம் வேறு, செயலி வேறு, வைக்கலாம்" என்று இருவர் வாதாடினார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வணிகக்குறிகள் 45 வகுப்புகளாகப் பிரித்துப் பதியப்படுகின்றன. மென்பொருள் 9ஆம் வகுப்பு, இணையவழி மென்பொருள் சேவை 42ஆம் வகுப்பு, கூடாரம் 22ஆம் வகுப்பு. ஆனாலும் நன்கு அறியப்பட்ட பெயருக்குச் சட்டம் வகுப்பைத் தாண்டியும் பாதுகாப்புக் கொடுக்கலாம்.

அந்த வாதத்தின்போது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் கதையும் வந்தது. 2002இல் அதன் பெயர் 'ஃபீனிக்ஸ்'. கணினியின் அடிப்படை மென்பொருள் செய்யும் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் அதை எதிர்த்தது. 2003 ஏப்ரலில் பெயரை 'ஃபயர்பேர்ட்' என்று மாற்றினார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் இலவசத் தரவுத்தள மென்பொருள் இருந்தது. அதை வளர்த்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். மொசில்லா போன்ற பெரிய பெயர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சிறியவர்களை யார் கண்டுபிடிப்பார்கள்? 2004 பிப்ரவரியில் மொசில்லா மறுபடியும் பெயரை மாற்றியது. இம்முறை வணிகக்குறிப் பதிவுக்கும் விண்ணப்பித்தது. இன்று உலகமறிந்த பெயர் மூன்றாவதாக வந்ததுதான்.

நாங்களும் 'வாங்கோ'வை விட்டோம். மனம் நொந்துதான் விட்டோம்.

வந்து சேர்ந்த பெயர்

பெயர் இல்லாமலே செயலியைப் பரீட்சை பார்த்தோம். முதல் ஞாயிறு காலை, முன்பு குளிரில் காத்து நின்ற அதே அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் கேட்டார்: "தம்பி, எத்தினை மணிக்குப் படலையடிக்கு வருவியள்?"

அவர் இருப்பது மூன்றாவது மாடி. படலை கிடையாது. ஆனாலும் கார் வந்து நிற்க வேண்டிய இடத்துக்கு அவர் மனதில் உள்ள சொல் அதுதான். 'படலை' என்று ஆங்கிலத்தில் எழுதினோம். எழுத ஒரே வழிதான் தெரிந்தது. ஆங்கிலேய நண்பர் தடுமாறாமல் வாசித்தார். தொலைபேசியில் எழுத்துக்கூட்டாமல் சொல்ல முடிந்தது. பதிவேட்டில் எங்கள் வகுப்புகளில் தேடினோம், தடையாக ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் சின்னம் வரைந்தோம்.

பெயர் தேடுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். காதலிக்கும் முன்பு தேடுங்கள். பிரித்தானிய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நிறுவனப் பதிவகத்தில் பெயரைப் பதிவதும், இணைய முகவரி வாங்குவதும் வணிகக்குறி உரிமையைத் தராது. பதிவுக்கு விண்ணப்பித்தால், அது வெளியிடப்பட்ட பின் மற்றவர்கள் ஆட்சேபிக்க இரண்டு மாதம் உண்டு. பதிந்த குறியைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால், அவர் சிறியவரோ பெரியவரோ, படலையைத் தட்டாமல் உள்ளே போகாதீர்கள்.

சென்ற ஞாயிறு யாரும் குளிரில் காத்து நிற்கவில்லை.