கண்ணைச் சிமிட்டினால்தான் கணக்கா? சுப்ரீம் கோர்ட்டு போட்ட 20 கட்டளைகள்!

சென்னை,

கண்ணை ஒரு தடவை சிமிட்டிப் பாருங்கள். எவ்வளவு சுலபம்!

அந்தச் சுலபமான காரியம் முடியாததால் ஒரு பெண்ணுக்கு வங்கிக் கணக்கு திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் கருகியவர் அவர். 2023 ஜூலையில் வங்கி ஒன்றை நாடினார். கேமிரா முன்னால் கண்ணைச் சிமிட்டிக் காட்ட வேண்டும், அப்போதுதான் உயிருள்ள ஆள் என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆள் உயிரோடு இருக்கிறார். கம்ப்யூட்டர்தான் நம்பவில்லை!

விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கண் பார்வை இல்லாத ஒருவரும் தனியாக வழக்குப் போட்டார். 2025 ஏப்ரல் 30-ந் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் தீர்ப்புக் கூறினார்கள். மகாதேவன் நம்ம சென்னை ஐகோர்ட்டில் இருந்து போனவர்.

கம்ப்யூட்டர் வழியாகக் கிடைக்கும் சேவை எல்லோருக்கும் எட்ட வேண்டும், அது உயிர் வாழும் உரிமையிலேயே அடக்கம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும். பெருவிரல் ரேகையையும் ஏற்க வேண்டும். துறைதோறும் இதற்கென்று ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும். இணையதளத்தை அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்தால் கண் தெரியாதவர்களை வைத்தே சோதித்துப் பார்க்க வேண்டும். இப்படி 20 கட்டளைகள்!

ஆபீசுக்கும்தான்!

"வங்கி பாடு, நமக்கென்ன?" என்று அரசாங்க ஆபீஸ்கள் ஒதுங்க முடியாது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அச்சில் வந்தாலும் கம்ப்யூட்டரில் வந்தாலும், தகவல் அவர்களுக்கு எட்டும்படி இருக்க அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். மீறினால் முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50 ஆயிரத்தில் இருந்து 5 லட்சம் வரை!

2017-ல் வந்த விதிகளோ "செய்தால் நல்லது" என்ற பாணியில் இருந்தன. அது செல்லாது, கட்டாய விதி போடுங்கள் என்று 2024 நவம்பர் 8-ந் தேதி இன்னொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்த வழக்கு தொடங்கியது 2005-ல்!

எழுத்தா, படமா?

சரி, ஆபீசில் என்ன செய்ய வேண்டும்? பெரிய என்ஜினீயர் வந்துதான் எல்லாம் ஆக வேண்டும் என்பதில்லை. பாதி வேலை கிளார்க் மேசையிலேயே இருக்கிறது.

வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைப் அடித்தாயிற்று. பிரிண்ட் எடுத்து, அதிகாரி கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வாங்கியாயிற்று. பிறகு அதை ஸ்கேன் செய்து இணையதளத்தில் போட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு அது எழுத்து. கம்ப்யூட்டருக்கோ வெறும் போட்டோ!

கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டர் பார்ப்பது காதால்தான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் ஒன்று என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-ல் தொடங்கியது. காசு கிடையாது, தமிழும் வாசிக்கும். ஆனால் போட்டோவில் எழுத்தே இல்லையே, எதை வாசிக்கும்? கடைசித் தேதி போய்விடும். விண்ணப்பம் போடாமலேயே ஒருத்தருக்கு வேலை போய்விடும்.

"கையெழுத்து இல்லாமல் எப்படி சார் போடுறது?" என்று கேட்கலாம். நியாயம்தான். கையெழுத்துப் பிரதியைப் போடுங்கள். பக்கத்திலேயே டைப் அடித்த பிரதியையும் போடுங்கள்!

தமிழில் இன்னொரு தொல்லை. பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும். காதில் உளறலாக விழும். யூனிகோடில் அடித்தால் அந்த வம்பு இல்லை. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று.

ஐந்து நிமிஷ சோதனை

இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம்.

அறிவிப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. ஒன்றும் வராவிட்டால் அது போட்டோ. கன்னாபின்னா என்று வந்தால் பழைய எழுத்துரு.

அடுத்து, மவுசை ஓரமாக வையுங்கள். டேப் விசையை மட்டும் தட்டித் தட்டி விண்ணப்பத்தைக் கடைசிவரை நிரப்ப முடிகிறதா? கை நடுங்குபவருக்கும் கண் தெரியாதவருக்கும் அதுதான் வழி.

பட்டன்களுக்குப் பெயர் இருக்கிறதா? இல்லாவிட்டால் வாசிக்கும் மென்பொருள் "பட்டன்... பட்டன்..." என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பணம் கட்டும் பட்டன் எது, ரத்து செய்யும் பட்டன் எது என்று யார் கண்டது?

வளைந்து நெளிந்த எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கட்டம் இருந்தால், காதால் கேட்டு அடிக்கும் வசதியும் வேண்டும்.

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல். வயதாகிக் கண் மங்கிய நம்ம வீட்டுப் பெரியவர்கள் தனிக்கணக்கு!

ஸ்கேன் மெஷினில் காகிதத்தை வைக்கும் முன், "இது எல்லோருக்கும் போய்ச் சேருமா?" என்று ஒரு தடவை யோசித்தால் போதும். அதற்கு ஆகிறது கண் சிமிட்டும் நேரம்தான்!